மேடேறிய வீடு

கடல் முதலில் கோழிக்கூட்டைத் தின்றது. அடுத்த மழைக்காலத்தில் பிளம் மரத்தைத் தின்றது. அதற்கும் அடுத்த வருஷம் வேலியின் கீழ்ப்பக்கம் காணாமல் போனது. அன்று ரொசமேல் சிகுவாய் வீட்டுக்குப் பின்னால் போய் நின்று, மண் உடைந்திருந்த விளிம்பைப் பார்த்தார். இனி சமையலறைதான் மிச்சம். கடலுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. அவருக்கோ எழுபது தாண்டிவிட்டது.

மகள் எல்சீரா தெற்கே புந்தா அரேனாஸ் நகரத்தில் இருந்தாள். வருஷத்துக்கு ஒருமுறை வருவாள். வரும்போதெல்லாம், "எங்களோட வந்துருங்கப்பா, தனியா கெடந்து என்ன செய்யப்போறீங்க" என்பாள். அவள் புருஷனும் கூடவே நின்று தலையாட்டுவான். அவன் கொஞ்சம் அதிகமாகச் சிரிக்கிறவன். அப்படிச் சிரிக்கிறவன் வீட்டில் எப்படிப் போய்ப் படுத்துத் தூங்குவது? ரொசமேல் போகவில்லை.

அதோடு, வீட்டை விட்டுவிட்டு ஆள் மட்டும் இடம் மாறுவது அவர் இருந்த தீவில் வழக்கமும் இல்லை. அங்கே வீடென்றால் மரவீடு. பலகைச் சுவர், கூரையில் மரச்சில்லு, அடியில் தடித்த கட்டைகள். அஸ்திவாரம் தோண்டி யாரும் கட்டுவதில்லை. நிலம் சரியில்லை என்றால் வீட்டைக் கட்டையிலிருந்து நெம்பி எடுத்து, அடியில் இரண்டு நீள மரங்களைச் சறுக்குக்குக் கொடுத்து, மாடுகளைக் கட்டி வேறு நிலத்துக்கு இழுத்துப் போவார்கள். அக்கம்பக்கத்தார் எல்லோரும் வந்து கயிறு பிடிப்பார்கள். யாரும் கூலி வாங்குவதில்லை. வீட்டுக்காரன் வயிறு நிறையச் சோறு போடவேண்டும், அவ்வளவுதான்.

மேலே, தேவாலயத்துக்குப் பக்கத்தில், செத்துப்போன மனைவி தெல்பீனாவின் பங்கு நிலம் சும்மா கிடந்தது. வீட்டை அங்கே ஏற்றிவிட்டால் போதும். கடல் அங்கே வர நூறு வருஷமாவது ஆகும், அது அப்போது இருக்கிறவன் பாடு.

தை முழுக்க, மாசி முழுக்க ரொசமேல் வேலை செய்தார். தனியாகவே செய்தார். சறுக்கு மரத்துக்குக் காட்டிலிருந்து இரண்டு நல்ல மரம் வெட்டினார். உருளைக்கட்டைகளைப் பட்டை உரித்து வரிசையாக அடுக்கினார். இழுக்கும்போது வீடு முறுக்கிக்கொள்ளாமல் இருக்க அறைகளுக்குள் குறுக்குச் சட்டம் அடித்தார். நாள் கணக்காக நெம்பி, மூலை மூலையாக வீட்டைச் சறுக்கு மரத்தின் மேல் ஏற்றினார். தட்டுமுட்டுச் சாமானை எல்லாம் கொட்டகைக்குக் கொண்டுபோனார். கட்டில், பெட்டி, தெல்பீனாவின் தையல் மிஷின், மாவுத் தொட்டி. ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே வைத்தபோது, இத்தனை வருஷம் வாழ்ந்ததற்கு இவ்வளவுதானா என்று அவருக்கே ஒரு மாதிரி இருந்தது. கழுதை, இவ்வளவு போதும் என்று சொல்லிக்கொண்டார்.

ஆக, ஆள்தான் பாக்கி. ஆளைக் கூப்பிடுவதற்கு அங்கே ஒரு முறை உண்டு. ஒவ்வொரு வீடாகப் போகவேண்டும். உள்ளே போய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். அவர்கள் கொடுக்கிற மாத்தேயைக் குடிக்க வேண்டும். ஒரே சுரைக்குடுவை, ஒரே உறிஞ்சுகுழல், எல்லோர் வாய்க்கும் போய்வந்த கசப்புத் தண்ணீர். மழையைப் பற்றி, ஆட்டைப் பற்றி, உருளைக்கிழங்கு நோயைப் பற்றிப் பேச வேண்டும். அதெல்லாம் முடிந்த பிறகு வாயைத் திறந்து கேட்க வேண்டும். தயவு பண்ணி வரணும் என்று.

ரொசமேல் ஆறு வருஷமாக ஒரு வீட்டுக்குள்ளும் கால் வைத்ததில்லை. போய் நின்றால் என்ன நினைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். வந்துட்டான் பாரு என்பார்கள். வாயால் சொல்லாவிட்டாலும் கண்ணால் சொல்வார்கள்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். கிழங்கு விற்கப் படகில் காஸ்த்ரோ பட்டணத்துக்குப் போன அன்று வானொலி நிலையத்தில் ஏறி, ஜன்னலில் இருந்த பெண்ணிடம் சேதி கொடுத்தார். மத்தியானம் தோறும் அந்த வானொலி தீவுகளுக்கு எல்லாம் சேதி வாசிக்கும். இன்னார் ஆஸ்பத்திரியில் நலம், இன்னார் வெள்ளிக்கிழமைப் படகில் வருகிறார், குதிரையோடு துறைக்கு வரவும், இப்படி. சேதி தவறாமல் எல்லா வீட்டிலும் கேட்கும். சாப்பாட்டு நேரத்தில் அதைக் கேட்காத வீடு கிடையாது.

வியாழக்கிழமை அந்தப் பெண் வாசித்தாள்: "யால்தே முனை மக்களுக்கு. சனிக்கிழமை தோன் ரொசமேல் சிகுவாய் வீடு இழுக்கிறார். மாடு உள்ளவர்கள் மாட்டோடு வரவும். சாப்பாடு உண்டு."

ரொசமேலுக்குத் திருப்தி. பெரியவர்கள் பெயருக்கு முன்னால் போடுகிற 'தோன்' என்ற மரியாதைகூட விடுபடவில்லை. ஒரு வார்த்தை அதிகமில்லை, ஒரு வார்த்தை குறைவில்லை.

வெள்ளிக்கிழமை ஆடு அடித்தார். கிழங்கு துருவிப் பிழிந்து தட்டை தட்டையாக ரொட்டி சுட்டார். ஆப்பிள் கள்ளுப் பீப்பாயை உருட்டி வந்து வாசலில் நிறுத்தினார். சனிக்கிழமை விடிந்ததும் அடுப்பைக் குளிரவிட்டு வெளியே இழுத்தார், புகைக்குழாயைக் கழற்றினார், ஜன்னல்களைக் கழற்றினார், கதவைக் கீலிலிருந்து தூக்கிச் சுவரில் சாய்த்தார். வீடு கண்ணும் வாயும் பிடுங்கின மாதிரி நின்றது.

யாரும் வரவில்லை.

முதலில் பனியைப் பழி சொன்னார். பனி விலகியது. பிறகு கடல் வற்றியிருப்பதைச் சொன்னார். சிப்பி பொறுக்கப் போயிருப்பார்கள், வருவார்கள். மேலே பாதையில் யாரோ மாட்டை ஓட்டிப்போகிற சத்தம் கேட்டது. எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். சத்தம் தேவாலயப் பக்கம் போய்த் தேய்ந்தது. வெளியே மூட்டிய தீயில், சட்டியில் ஆட்டுக்கறி கொதித்துக் கொதித்து எலும்பை விட்டது. நாய் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. ரொசமேலும் உட்கார்ந்தார். மத்தியானம் மழை பிடித்தது. கதவில்லாத வாசல் வழியாக, ஜன்னலில்லாத ஓட்டை வழியாக, மழை அவர் தேய்த்துத் தேய்த்து மினுக்கி வைத்திருந்த பலகைத் தரையில் இறங்கியது. சாக்குகளை ஆணியடித்துத் தொங்கவிட்டார். ஓர் ஆணி விரலில் இறங்கியது.

கறியில் தின்றது போக மிச்சத்தை உப்பு போட்டு வைத்தார். பயல்கள், என்று சொன்னார். ஒருத்தன் இல்லை, ஒருத்தன்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமையும் சாக்கு வழியே மழை வந்தது. கதவைத் திரும்ப மாட்டி, அடுப்பை உள்ளே இழுத்து, பழையபடி கிடக்கலாம். ஆனால் வீட்டை ஏற்கெனவே கட்டையிலிருந்து நெம்பிச் சறுக்கு மரத்தில் உட்காரவைத்தாகிவிட்டது. அதைத் தனியாளாக அவசரத்தில் திரும்ப இறக்கமுடியாது. விளிம்பு மண்ணும் சொதசொதவென்று ஆகிவிட்டது. இன்னொரு பெருமழைக்கு வீடு முன்னால் போவதற்குப் பதிலாகப் பின்னால் போய்விடும்.

திங்கட்கிழமை காலை முகம் கழுவிக்கொண்டு உபெர்லிண்டா வீட்டுக்குப் போனார். உபெர்லிண்டா நாவுக்கெலின் என்பவள், தேவாலயச் சாவியை வைத்திருக்கிற கைம்பெண். ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் ஜெபம் சொல்லுகிறவள். நாக்கு அரிவாள்.

"வாரும் தோன் ரொசமேல். கதவச் சாத்தும், சூடு போகுது."

உட்கார்ந்தார். அவள் மாத்தே ஊற்றிக் கொடுத்தாள். குடித்தார். மழை, ஆடு என்று சுற்றிவரப் பொறுமை இல்லை.

"சனிக்கிழம யாரும் வரல."

"அப்படியா?"

"ரேடியோ கேக்கலையா நீங்க?"

"கேக்காம? நல்லாத்தான் வாசிச்சா அந்தப் பொண்ணு. உமக்கு அடுத்தாப்புல, கெஹூயித் தீவுல யாருக்கோ பன்னி காணலன்னும் வாசிச்சா."

"கேட்டுட்டும் வரல?"

"பன்னியத் தேடவும்தான் போகல."

ரொசமேல் குடுவையைக் கீழே வைத்தார். அவள் அதை எடுத்துத் திரும்ப நிரப்பினாள்.

"இங்க பாரும். ரேடியோ எனக்குச் சொந்தமா பந்தமா? அது எங்கிட்ட ஒண்ணையும் கேக்கல. நீரு வீடு இழுக்கப்போறீருன்னு சொல்லிச்சு. இழுக்கட்டும், நல்ல மனுசன், யார் தொணையும் வேண்டாம் போலன்னு நெனச்சேன். எல்லாரும் அப்படித்தான் நெனச்சாக."

"சாப்பாடு உண்டுன்னு சொன்னேனே."

"நாங்க என்ன, சாப்பாட்டுக்கா அலையிறோம்?"

மழை கூரையில் கொட்டியது. ரொசமேல் தன் கைகளைப் பார்த்தார். ஆணி ஏறின விரல் வீங்கியிருந்தது.

"சரி. இப்ப வந்திருக்கேனே."

"அதான் பாக்குறேன். என்ன சோலியா வந்தீரு?"

"தெரியாதாக்கும்."

"தெரியாது. சொல்லும்."

அவர் அடுப்பைப் பார்த்தார். அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது. தெல்பீனாவைப் பெண் கேட்கப் போன அன்றுகூட இவ்வளவு கஷ்டமில்லை. அன்றைக்கு அவருக்கு அப்பா இருந்தார், பேசுவதை அப்பா பேசினார்.

"வீடு இழுக்கணும். வரணும்."

"தயவு பண்ணியை எங்க விட்டுட்டு வந்தீரு?"

"தயவு பண்ணி."

"என்னைக்கு?"

"வர்ற சனிக்கிழம."

"வர்றேன். எங்கிட்ட மாடு இல்ல, கை இருக்கு. சட்டியும் பாத்துக்குவேன். நீரு சுட்ட ரொட்டியத் தின்னா பல்லு போயிரும்."

ரொசமேல் எழுந்தார். "மத்தவங்ககிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லிட்டா—"

"மாட்டேன். உமக்குக் காலு இருக்கு." அவள் கதவு வரைக்கும் வந்தாள். "பால்தொமேரோ வீட்டையும் விட்டுராதேயும். அந்த மேட்டுல ஏத்த, முன்னால கட்ட அவன் மாடு இல்லாமத் தீராது."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி."

அன்றும் மறுநாளும் ரொசமேல் வீடு வீடாக நடந்தார். பாரியா வீட்டில் நாலு வார்த்தையில் சரி என்று முடிந்தது. மன்சிய்யா வீட்டில் வயிறு ஊதும் வரை மாத்தே கொடுத்து, மூட்டுவலிக் கதை எல்லாம் சொல்லி, அவரை நெளியவிட்டுத்தான் சரி என்றார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் லெவிக்கோய் வீட்டில் தட்டினார். தட்டிக்கொண்டே நின்ற பிறகுதான் ஜன்னல்களில் குறுக்குப் பலகை அடித்திருப்பதைப் பார்த்தார். வாசற்படியில் பாசி. சால்மன் மீன் பண்ணைக்கு வேலைக்குப் போய்விட்டார்கள் போல, புருஷனும் பெண்டாட்டியும். போய் எத்தனை காலமோ. அவருக்கு யாரும் சொல்லவில்லை. யார் சொல்வார்கள்? அதற்கடுத்த வீடும் அப்படித்தான். அதற்கும் அடுத்ததில் ஒரு கிழவர் இருந்தார், காது கேட்கவில்லை. ரொசமேல் கத்திக் கத்திக் கேட்டார், தயவு பண்ணி, தயவு பண்ணி என்று. கிழவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தெல்பீனா சுகமா என்று விசாரித்தார்.

"சுகம்தான்," என்றார் ரொசமேல்.

பால்தொமேரோ குவென்தெயோ வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தார். பால்தொமேரோ எல்சீராவுக்கு ஞானத்தகப்பன். ஒரு காலத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் கொம்பாத்ரே என்று கூப்பிட்டுக்கொண்டவர்கள். பிள்ளையை ஞானஸ்நானத்துக்கு ஏந்தியவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள் அங்கே. ஆறு வருஷமாக அந்த வார்த்தை இல்லை.

கதவைத் திறந்தது பால்தொமேரோவின் மனைவி ஔரிஸ்தேலா. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு உள்ளே போய் மேசையருகே நின்றாள். பால்தொமேரோ மாட்டுக்குத் தோல் வார் முறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. மாத்தே வரவில்லை.

"நல்லா மழ," என்றார் ரொசமேல்.

"ஆமா."

"கெழங்கு எப்படி?"

"மண்ணுலதான் இருக்கு."

ஔரிஸ்தேலாதான் கேட்டாள். "கரண்டி கெடச்சுதா, தோன் ரொசமேல்?"

ஆறு வருஷத்துக்கு முன்னால், தெல்பீனா செத்து ஒன்பதாம் நாள் அது. ஊரே அவர் வீட்டில் இருந்தது. ஜெபம் முடிந்து சாப்பாடு முடிந்து எல்லோரும் கிளம்பியபோது, ரொசமேல் வாசலில் நின்று கரண்டிகளை எண்ணினார். ஏன் எண்ணினார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. ஒரு கரண்டி குறைந்தது. அவர் கண் ஔரிஸ்தேலாவின் ஏப்ரன் பைக்குப் போனது. வாயால் ஒன்றும் சொல்லவில்லை. அவள் எல்லோர் முன்னாலும் அந்தப் பையை வெளியே இழுத்து உதறிக் காட்டினாள். ஒரு கைக்குட்டையும் ஜெபமாலையும் தரையில் விழுந்தன.

"கெடச்சுது," என்றார் ரொசமேல்.

"எங்க?"

"சட்டிக்குள்ள. சூப்புச் சட்டிக்கு அடியில."

"எப்ப?"

"மறுநாள்."

பால்தொமேரோவின் கை வாரில் நின்றது. ஔரிஸ்தேலா மேசையைத் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"மறுநாளே கெடச்சுது," என்றாள். யாரிடமும் சொல்லாத மாதிரி சொன்னாள். பிறகு பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

ரொசமேல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. மற்ற வீடுகளில் சொல்லிச் சொல்லிப் பழகின ஒன்றுதான் நாக்கில் இருந்தது.

"வீடு இழுக்கணும். தயவு பண்ணி வரணும்."

பால்தொமேரோ வெகுநேரம் வாரையே முறுக்கினார்.

"என்னைக்கு?"

"சனிக்கிழம."

"நீரு கேட்டு வந்துட்டீரு. வாசலுக்கு வந்து கேட்டவனுக்கு இல்லன்னு எங்கப்பன் சொன்னதில்ல, நானும் சொல்ல மாட்டேன். மாட்டக் கொண்டு வர்றேன்." முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். "ஆனா உம்ம வீட்டுல சாப்புட மாட்டேன்."

"சரி."

"தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்."

"சரி."

சனிக்கிழமை வந்தார்கள். ஏழு ஜோடி மாடும் பத்திருபது ஆளும். உபெர்லிண்டா விடிவதற்கு முன்பே வந்து சட்டிகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். பால்தொமேரோ கடைசியாக வந்தார். யாரும் சொல்லாமலே முன்வரிசை அவருக்கு விடப்பட்டிருந்தது. அவர் மாடுகள் இரண்டும் செவலை, கழுத்து மரம் மாதிரி. நுகத்தைக் கொம்போடு சேர்த்துக் கட்டி, கயிற்றைச் சறுக்கு மரத்தில் பூட்டி, முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார். ரொசமேல் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்துத் தானே வேறு போட்டார். ரொசமேல் அடுத்த கயிற்றுக்குப் போனார்.

ஒரு குரல் கொடுத்தார்கள். கயிறு விறைத்தது. வீடு முனகியது. பிறகு, நாற்பது வருஷம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்த அந்த வீடு, ஒரு முழம் நகர்ந்தது. அது இருந்த இடத்தில் வெளுத்த புல்லும், எப்போதோ விழுந்த ஒரு பித்தானும், எலிவளைகளும் தெரிந்தன. ரொசமேல் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. பின்னால் வெளிப்பட்ட உருளைக்கட்டைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார்.

மேட்டின் பாதியில் வீடு ஒரு பக்கம் சாய்ந்தது. இரண்டு மாடு மண்டியிட்டன. கயிறு பிடித்திருந்தவர்கள் கால் சறுக்கி உட்கார்ந்தார்கள். ஒருத்தன், "போச்சு, தோன் ரொசமேல், நீரு கடலோடவே குடும்பம் நடத்தும்" என்றான், சிரித்தார்கள். பால்தொமேரோ மட்டும் சிரிக்கவில்லை. இறங்கி வந்து சாய்ந்த பக்கம் கல் கொடுத்து, ஆட்களைத் தள்ளி நிறுத்தி, மாடுகளின் காதுக்குப் பக்கத்தில் போய் ஏதோ பேசினார். அன்று முழுக்க அவர் மாடுகளோடு மட்டுந்தான் பேசினார். செவலை இரண்டும் தலையைத் தாழ்த்தி ஒரே இழுவையாக இழுத்தன. வீடு நிமிர்ந்தது, ஏறியது. மத்தியானம் சாய்வதற்குள் தேவாலயத்துக்குப் பக்கத்தில், தெல்பீனாவின் நிலத்தில், கட்டைகளின் மேல் உட்கார்ந்தது.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கரண்டிகளை உபெர்லிண்டா கொத்தாக அள்ளி மேசை நடுவில் போட்டாள். யார் எதை எடுத்தார்கள் என்று ரொசமேல் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கக் கழுத்தைத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மன்சிய்யா மகன் கேட்டான், "கதவு ஜன்னலெல்லாம் மாட்டிக் குடுத்துட்டுப் போகவா, தோன் ரொசமேல்?"

"வேண்டாம். நானே மாட்டிக்குவேன்." யோசிக்காமலே வந்துவிட்டது.

பால்தொமேரோ நுகத்தை மட்டும் தளர்த்தி, மாடுகளை ஓட்டிக்கொண்டு பாதையில் இறங்கினார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். ரொசமேல் கீழே, பழைய இடத்துக் கொட்டகைக்குப் போனார். கள்ளுக்கு வைத்திருந்த ஆப்பிளில் ஒரு கூடை அள்ளிக்கொண்டு பின்னாலேயே போனார். மூச்சு வாங்கியது. ஓடையருகே எட்டிப் பிடித்தார்.

"கொம்பாத்ரே."

பால்தொமேரோ திரும்பவில்லை. நடை மட்டும் கொஞ்சம் தளர்ந்தது.

"உமக்கில்ல. மாட்டுக்கு."

பால்தொமேரோ நின்றார். தார்க்கோலை மண்ணில் ஊன்றினார். கடல் பக்கம் பார்த்தார்.

"மாட்டுக்குன்னா குடும்."

ரொசமேல் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். செவலையின் நாக்கு அவர் உள்ளங்கையைச் சுருட்டி எடுத்துப்போனது. ஆப்பிள் நொறுங்கும் சத்தம் பெரிதாகக் கேட்டது. ஒரு மாட்டுக்கு, பிறகு மற்றதுக்கு, முறை தவறாமல். பால்தொமேரோ அவசரப்படுத்தவில்லை. ரொசமேலுக்கு ஏதாவது சொல்லலாம் போலிருந்தது. ஔரிஸ்தேலாவின் பெயர்கூட வாய் வரை வந்தது. கூடை காலியானது. பால்தொமேரோ தார்க்கோலைப் பிடுங்கினார். மாடுகள் நகர்ந்தன. ஓடையைத் தாண்டி வளைவில் மறைகிற வரை ரொசமேல் எச்சில் கையோடு நின்றார்.

திரும்பி மேடேறி வந்தபோது எல்லோரும் போயிருந்தார்கள். சட்டிகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. வீடு புதிய இடத்தில், புதிய பக்கம் பார்த்து நின்றது. காற்று ஒரு ஜன்னல் ஓட்டையில் நுழைந்து மறு ஓட்டையில் வெளியேறியது.

ஆட்கள் மேலே கொண்டுவந்து வைத்திருந்த கதவை முதலில் மாட்டலாம் என்று தூக்கினார். கழற்றும்போது தனியாகத்தான் கழற்றினார், அது சுலபமாகவே வந்தது. மாட்டுவது அப்படியில்லை. ஒருத்தர் கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் இன்னொருத்தர் கீலைப் பொருத்தி ஆணி அடிக்க முடியும். தோளால் முட்டுக் கொடுத்துப் பார்த்தார், முழங்காலால் பார்த்தார். கதவு இரண்டு முறை அவர் மேல் சாய்ந்தது.

கதவைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். நாய் வந்து பக்கத்தில் படுத்தது. கீழே இரண்டு மூன்று வீட்டில் புகை தெரிந்தது. நாளைக்கு யாரையாவது போய்க் கேட்க வேண்டும்.